எடைச் சீட்டு நிரலில் ஓர் என்டர் தட்டலுக்கு இரண்டு மூட்டை பதிவாகிறது: உதவி தேவை

மன்னார்குடி நிரலர்
பிப்ரவரி 11, இரவு 9.40

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு எடைச் சீட்டு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பைத்தான் மொழியில், அதன் சாளரத் தொகுப்பான டிகிண்டரைக் கொண்டு எழுதியது. சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கிறது. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த நேரத்தில் வந்த ஒரு பிழை என்னைத் தூங்கவிடவில்லை.

திரை எளிமையானது. விவசாயியின் பெயர், நெல் ரகம், ஈரப்பதம் ஆகியவற்றை ஒருமுறை கொடுத்துவிட வேண்டும். பிறகு மூட்டைகள் தராசில் ஏற ஏற, எடையை அடித்து என்டர் தட்ட வேண்டும். பெரும்பாலும் 40 கிலோதான் என்பதால் எடைப் பெட்டியில் 40.000 என்று நிரலே நிரப்பி வைக்கும். கூடக் குறைய இருந்தால் மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு துண்டுச் சீட்டு அச்சாகி வரும், அதைச் சாக்கில் கட்டுவார்கள். எடை எழுதும் அக்கா திரையைப் பார்ப்பதே இல்லை. கண் தராசின் மீது, வலது கை எண் பலகையின் மீது.

இரண்டு சிக்கல்கள். ஆலையின் லினக்ஸ் கணினியில், எண் பலகையில் உள்ள என்டர் வேலை செய்யவில்லை. பெரிய என்டர் மட்டும் வேலை செய்கிறது. என் வீட்டு விண்டோஸ் கணினியில் இரண்டுமே வேலை செய்தன. அடுத்தது, எப்போதாவது ஒரு மூட்டை இரண்டாகப் பதிவாகிறது. நேற்று நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சீட்டைப் படித்துவிட்டு, "61 மூட்டைதான் ஏற்றி வந்தேன், இதில் 63 என்று இருக்கிறதே" என்று திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பணம் கூடுதலாகக் கிடைத்திருக்கும் பிழை. அவரே சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இதற்கு முன் எத்தனை சீட்டுகள் இப்படிப் போயினவோ.

எடைப் பெட்டியில் ரிட்டர்ன் என்ற விசைப் பெயரைப் பைண்ட் செய்திருக்கிறேன், அதாவது அந்த விசை வந்தால் ஓட வேண்டிய செயல்கூறை (நிரலின் ஒரு பகுதியை) அதோடு இணைத்திருக்கிறேன். அதில் பதிவு, அச்சு, மீண்டும் 40.000 நிரப்புதல் எல்லாம் ஒரே செயல்கூறில் வரிசையாக நடக்கின்றன.

வெண்ணாற்றங்கரை
பிப்ரவரி 11, இரவு 10.25

முதல் சிக்கலுக்கு உடனே விடை சொல்லிவிடலாம். விண்டோஸில் இரண்டு என்டருக்கும் விசை எண் ஒன்றுதான். லினக்ஸின் எக்ஸ் சாளர அமைப்பில் அவை இரண்டும் வேறு வேறு விசைகள். பெரிய என்டரின் பெயர் ரிட்டர்ன், எண் 36. எண் பலகை என்டரின் பெயர் கேபி என்டர், எண் 104. நீங்கள் முன்னதை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். பின்னதையும் பைண்ட் செய்யுங்கள்.

இதை நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டாம். ஒரு வெற்றுச் சாளரம் திறந்து, எந்த விசை அழுத்தப்பட்டாலும் கீசிம், கீகோட், சார் மூன்றையும் அச்சிடும் நான்கு வரி நிரல் எழுதிப் பாருங்கள். கீகோட் என்பது பலகையில் எந்த விசை என்பது. கீசிம் என்பது இப்போதைய அமைப்பில் அந்த விசைக்குள்ள பெயர். சார் என்பது அதனால் விளையும் எழுத்து, சில சமயம் காலியாகவும் இருக்கும். இந்த மூன்றையும் ஒன்று என்று நினைப்பதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. புதிய கணினியில் நிரலை நிறுவும்போதெல்லாம் இந்தச் சோதனையைத்தான் நான் முதலில் ஓட்டுவேன்.

தராசிலிருந்தே எடையை எடுக்க முடியாதா?

மன்னார்குடி நிரலர்
பிப்ரவரி 12, காலை 6.50

நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே 36, 104 என்று வந்தது. தராசு பழையது, கணினியோடு இணைக்கும் வசதி அதில் இல்லை.

ஆனால் இப்போது புதிய சிக்கல். கர்சர் எந்தப் பெட்டியில் இருந்தாலும் வேலை செய்யட்டும் என்று இரண்டு என்டரையும் முதன்மைச் சாளரத்திலேயே பைண்ட் செய்தேன். எண் பலகை என்டர் சரியாகிவிட்டது. பெரிய என்டரோ ஒவ்வொரு முறையும் தவறாமல் இரண்டு மூட்டை பதிவு செய்கிறது! நல்லவேளை, எடை போடத் தொடங்கும் முன் ஆலைக் கணினியிலேயே சோதித்தேன்.

வெண்ணாற்றங்கரை
பிப்ரவரி 12, காலை 7.30

எடைப் பெட்டியில் முன்பு எழுதிய பைண்ட் அப்படியே இருக்கும், அல்லவா? டிகிண்டருக்கு அடியில் இயங்கும் டிகேயில் ஒரு விசை நிகழ்வு ஓரிடத்தோடு நின்றுவிடாது. முதலில் அந்தப் பெட்டிக்கு என்று எழுதியது ஓடும், அடுத்து அந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது, அதன் பிறகு அந்தப் பெட்டி இருக்கும் சாளரத்துக்கு உரியது, கடைசியாக எல்லாவற்றுக்கும் பொதுவானது. நான்கு படிகள். நீங்கள் முதல் படியிலும் மூன்றாம் படியிலும் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறீர்கள், அது சொன்னபடி செய்கிறது. பெட்டியில் உள்ள செயல்கூறு "பிரேக்" என்ற சொல்லைத் திருப்பி அனுப்பினால் நிகழ்வு அங்கேயே நின்றுவிடும். அல்லது ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் எழுதுங்கள். நான் இரண்டாவதையே விரும்புவேன்.

இது எப்போதாவது வரும் இரட்டைப் பதிவுக்கு விளக்கம் ஆகாது. இதனால் வந்திருந்தால் எப்போதுமே வந்திருக்கும்.

பாபநாசம் பழுதுநீக்கி
பிப்ரவரி 12, காலை 11.05

ஆலை என்றாலே எனக்கு முதலில் தோன்றுவது தவிட்டுத் தூசிதான். இந்தப் பகுதியில் ஆலைக் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். விசைத் தொப்பியைக் கழற்றினால் உள்ளே மாவு போலப் படிந்திருக்கும். விசை கீழே போனால் மேலே வரத் தாமதமாகும். அழுத்தியபடியே நின்றுவிட்ட விசையை இயங்குதளம் தானாகவே திரும்பத் திரும்ப அனுப்பத் தொடங்கும்.

விசை விடுபட்ட நிகழ்வு வரும்வரை அடுத்ததை ஏற்காமல் இருந்தால் போதும் என்று தோன்றும். லினக்ஸில் அது பலிக்காது. தானாக வரும் ஒவ்வொரு மறு அழுத்தத்துக்கும் முன்னால் ஒரு பொய்யான விடுபடலும் சேர்ந்தே வரும். என்டருக்கு மட்டும் மறு அழுத்தத்தை நிறுத்த, லினக்ஸின் எக்ஸ்செட் கட்டளையில் 36, 104 இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடலாம். பலகையையும் ஒருமுறை தலைகீழாகத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

மன்னார்குடி நிரலர்
பிப்ரவரி 12, இரவு 9.15

பலகையைச் சுத்தம் செய்தோம் அண்ணா, நீங்கள் சொன்னது போலவே தூசி கொட்டியது. மறு அழுத்தத்தையும் நிறுத்திவிட்டேன். ஆனாலும் மாலையில் ஒரு இரட்டைப் பதிவு வந்தது.

இந்த முறை ஒவ்வொரு என்டரையும் ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். விசை அழுத்தப்பட்ட நேரம் நிகழ்வோடு மில்லிநொடியில் வருகிறது. அதையும், என் செயல்கூறு ஓடத் தொடங்கிய கடிகார நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்தேன். இரட்டையாகப் பதிவான இடத்தில், விசை அழுத்த நேரப்படி இரண்டு என்டருக்கும் இடைவெளி 640 மில்லிநொடி. கடிகாரப்படி இடைவெளி இரண்டு நொடிக்கும் மேல். ஒரே இரண்டு தட்டுகளுக்கு இரண்டு இடைவெளிகள் எப்படி வரும்?

வெண்ணாற்றங்கரை
பிப்ரவரி 12, இரவு 10.10

பிழை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அருமையாகப் பதிந்திருக்கிறீர்கள்.

சாளர நிரல் என்பது ஒரு சுழல். வரிசையில் நிற்கும் நிகழ்வுகளில் முதலாவதை எடுக்கும், அதற்குரிய செயல்கூறை ஓட்டும், அது முடிந்து திரும்பிய பிறகே அடுத்ததை எடுக்கும். உங்கள் செயல்கூறு அச்சுப்பொறிக்காக இரண்டு நொடி காத்திருக்கிறது. அந்த இரண்டு நொடியும் திரை உறைந்து நிற்கும், ஆனால் விசைகள் வந்துகொண்டேதான் இருக்கும். மடையை அடைத்துவிட்டால் வாய்க்காலில் வரும் தண்ணீர் மறைந்துவிடுவதில்லை அல்லவா? அது தேங்கி நிற்கும். மடையைத் திறந்ததும், அப்போது எந்த வயல் திறந்திருக்கிறதோ அந்த வயலில் பாயும். அந்த அக்கா சீட்டு வரவில்லையே என்று மறுபடி தட்டியிருக்கிறார். அந்தத் தட்டு வரிசையில் காத்திருந்தது. முதல் பதிவு முடிந்து, பெட்டியில் நீங்களே 40.000 என்று நிரப்பியதும் புதிய மூட்டையாக உள்ளே நுழைந்துவிட்டது. பெட்டி காலியாக இருந்திருந்தால் பிழைச் செய்தியோடு போயிருக்கும்.

"பதிவு நடக்கிறது" என்று ஒரு கொடியை ஏற்றி, முடிந்ததும் இறக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. இரண்டாவது என்டர் செயல்கூறை வந்தடையும்போது முதல் வேலை முடிந்து கொடி இறங்கியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்து இடைவெளி கணக்கிட்டாலும் ஏமாறுவீர்கள், உங்கள் கோப்பே அதற்குச் சாட்சி. நிகழ்வோடு வரும் நேரத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

அச்சிடும் வேலையைத் தனி இழைக்கு, அதாவது முதன்மை நிரலோடு ஒரே நேரத்தில் தனியாக ஓடும் பகுதிக்கு, மாற்றுங்கள். அந்த இழை சாளரப் பொருள்கள் எதையும் தொடக் கூடாது. முடிந்த செய்தியை ஒரு வரிசையில் போடட்டும், முதன்மை நிரல் ஆஃப்டர் என்ற டிகிண்டர் கட்டளை மூலம் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

பாபநாசம் பழுதுநீக்கி
பிப்ரவரி 13, காலை 8.20

இவ்வளவு சுற்ற வேண்டுமா? அச்சு முடிந்ததும் வரிசையில் தேங்கிய விசைகள் அனைத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே.

குடந்தைத் தட்டச்சர்
பிப்ரவரி 13, காலை 9.45

கொட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன் நான். நல்ல கை இயந்திரத்துக்காகக் காத்திருக்காது. அந்த அம்மா திரையைப் பார்க்காமல் எடை அடிக்கிறார் என்றால், எங்கோ ஒரு பயிலகத்தில் முறையாகக் கற்றவராகத்தான் இருப்பார். அடுத்த மூட்டை 39.600 என்று தராசு காட்டுகிறது, அவர் அடித்தும் விட்டார், நிரல் முதல் இரண்டு எண்களைக் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் .600 மட்டும் நிற்கும். இரட்டைப் பதிவைவிட அது மோசம்.

எந்த விசை, எந்த இடம் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெயரையும் எண்களையும் முன்கூட்டி அடிப்பது திறமை, அவை ஒன்றுகூடத் தவறக் கூடாது. என்டர் மட்டும் வேறு. ஒரு மூட்டையை இறக்கி அடுத்ததை ஏற்ற எத்தனை நொடி ஆகும் என்று, தம்பி, உங்கள் கோப்பிலேயே இருக்குமே?

இன்னொன்று. அவர் ஏன் இரண்டாம் முறை தட்டினார்? பழைய தட்டச்சுப் பொறியில் ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஓசை உண்டு, வரி முடியும் முன் மணி அடிக்கும். கைக்கு அதுவே பதில். உங்கள் நிரல் இரண்டு நொடி எந்தப் பதிலும் சொல்லவில்லை. கேட்கவில்லையோ என்று அவர் மறுபடி சொன்னார். பிழை அவருடையது அல்ல.

மன்னார்குடி நிரலர்
பிப்ரவரி 13, பிற்பகல் 2.30

ஐயா, அக்காவிடம் கேட்டேன். திருவாரூரில் தட்டச்சு மேல்நிலைத் தேர்வு வரை முடித்தவராம்.

கோப்பில் பார்த்தேன். உண்மையான இரண்டு மூட்டைகளுக்கு நடுவே மிகக் குறைந்த இடைவெளி 9 நொடி. எனவே நிகழ்வு நேரப்படி 2 நொடிக்குள் வரும் மறு என்டரை மட்டும் ஏற்காமல் விடுகிறேன். எண்கள் எதையும் தொடவில்லை. என்டர் தட்டிய கணமே மூட்டை எண்ணிக்கை திரையில் பெரிதாக மாறும், ஓர் ஓசையும் வரும். அச்சு தன் போக்கில் தனி இழையில் நடக்கும்.

திருவையாறு மாணவி
பிப்ரவரி 13, இரவு 8.00

அண்ணா, நெல் ரகம் தேர்ந்தெடுக்கக் கீழிறங்கு பெட்டி வைத்திருக்கிறீர்களா? கல்லூரித் திட்டப்பணியில் அதனால் நான் பட்டதைச் சொல்கிறேன். அந்தப் பெட்டியின் மீது மவுஸ் அம்பு இருக்கும்போது சக்கரத்தை உருட்டினால், பக்கத்தை நகர்த்துவதற்குப் பதில் தேர்ந்தெடுத்த மதிப்பே மாறிவிடும். கிளிக் செய்யவே வேண்டாம், கர்சரும் அங்கே இருக்க வேண்டாம். யாருக்கும் தெரியாமல் மாறும்.

மன்னார்குடி நிரலர்
பிப்ரவரி 13, இரவு 10.50

இதைப் படித்ததும் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஒரு டிராக்டரில் வந்த நெல் முழுவதும் பிபிடி 5204. சீட்டின் நடுவில் மூன்று மூட்டைகள் மட்டும் சி.ஆர். 1009 என்று இருக்கின்றன. சன்ன ரகத்துக்கு நடுவே மோட்டா ரகம்! விலை வேறு, குவியல் வேறு. மேலே உள்ள வரிகளைப் பார்க்க யாரோ சக்கரத்தை உருட்டியிருக்கிறார்கள், மூன்று மூட்டை கழித்து அக்கா கவனித்துத் திருத்தியிருக்கிறார். அந்த மூன்றும் அப்படியே தங்கிவிட்டன. இந்தத் தவறில் பணத்தை இழந்தது விவசாயி. நாளை அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதை நிறுத்துவது எப்படி?

திருவையாறு மாணவி
பிப்ரவரி 13, இரவு 11.10

மேலே ஐயா சொன்ன "பிரேக்" இங்கும் உதவும். அந்தப் பெட்டிக்கு மட்டும் சக்கர நிகழ்வைப் பைண்ட் செய்து "பிரேக்" திருப்பி அனுப்புங்கள். பொதுவான படிக்கு அது போகாது. கவனிக்க வேண்டியது, லினக்ஸில் டிகே 8.6 வரை சக்கரம் தனி நிகழ்வாக வராது, நான்காம் ஐந்தாம் பொத்தான்களை அழுத்தியதாக வரும். விண்டோஸில் மவுஸ்வீல் என்ற பெயரில், ஒரு பல்லுக்கு 120 என்ற கணக்கில் வரும். மூன்றையும் பைண்ட் செய்துவிடுங்கள். முதல் மூட்டை பதிவானதும் ரகப் பெட்டியையே பூட்டிவிட்டால் இன்னும் நல்லது.

பாபநாசம் பழுதுநீக்கி
பிப்ரவரி 14, காலை 7.40

மவுஸ் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். தேய்ந்த மவுஸில் உள்ளிருக்கும் சிறு சுவிட்ச் ஒரு அழுத்தத்துக்கு இரண்டு முறை தொட்டு விலகும். நீங்கள் ஒரு கிளிக் செய்தால் நிரலுக்கு இரட்டைக் கிளிக் போகும். அதனால் வரியை அழிப்பது போன்ற எதையும் இரட்டைக் கிளிக்கில் வைக்காதீர்கள். டிகேயில் இரட்டைக் கிளிக் வருவதற்கு முன் ஒற்றைக் கிளிக்கின் செயலும் ஓடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பொத்தான்களை அழுத்தும்போது செயல்படுத்தாமல் விடும்போது செயல்படுத்துங்கள். தவறாக அழுத்தியவர் விரலை எடுக்காமலே அம்பை வெளியே நகர்த்தித் தப்பித்துக்கொள்வார். டிகேயின் சொந்தப் பொத்தான்கள் அப்படித்தான் நடக்கின்றன, நாமே வரையும் பொத்தான்களில்தான் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

குடந்தைத் தட்டச்சர்
பிப்ரவரி 14, காலை 10.15

விவசாயியின் பெயரைத் தமிழில் அடிக்கிறீர்களா? அடிக்கும்போதே தேடிக் காட்டும் வசதி இருக்கிறதா?

மன்னார்குடி நிரலர்
பிப்ரவரி 14, பிற்பகல் 1.20

இருக்கிறது ஐயா, ஆனால் சரியாக வரவில்லை. ஒவ்வொரு விசைக்கும் தேடுகிறேன், எப்போதும் ஓர் எழுத்து பின்தங்கியே தேடுகிறது. "செல்" என்று அடித்தால் "செ" வரைதான் தெரிகிறது. மேலும் தமிழ்ப் பலகையில் இருக்கும்போது கன்ட்ரோல் எஸ் வேலை செய்வதில்லை.

குடந்தைத் தட்டச்சர்
பிப்ரவரி 14, மாலை 4.40

ஓர் எழுத்து பின்தங்குவதன் காரணம் வெண்ணாற்றங்கரையாரின் நான்கு படிகளிலேயே இருக்கிறது. பெட்டிக்கு என்று நீங்கள் எழுதியது முதலில் ஓடுகிறது. எழுத்தைப் பெட்டிக்குள் சேர்ப்பது இரண்டாம் படி. சேர்வதற்கு முன்பே தேடிவிடுகிறீர்கள்.

விசையை எண்ணுவதையே விடுங்கள் தம்பி. தமிழில் விசையும் எழுத்தும் ஒன்றுக்கு ஒன்று அல்ல. 1999 இல் வந்த தமிழ்99 அமைப்பில் ககரத்தை இரண்டு முறை தட்டினால் "க்க" என்று வரும், நடுவில் புள்ளியை அமைப்பே வைக்கிறது. பழைய தட்டச்சு முறையில் "கெ" எழுத முதலில் கொம்பை அடித்து அடுத்து ககரத்தை அடிப்போம். ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. எனவே உள்ளீட்டு மென்பொருள் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு ககரத்துக்காகக் காத்திருக்கும். அந்த நேரத்தில் விசை அழுத்தப்பட்டிருக்கும், எழுத்து பிறந்திருக்காது. விசையைப் பார்த்துத் தேடும் நிரல் அங்கே தடுமாறும். பெட்டியில் உள்ள சொல் மாறும்போது மட்டும் தேடுங்கள்.

அழிக்கும் விசையையும் மாற்றாதீர்கள். "கு" என்பதில் ஒருமுறை அழித்தால் உகரம் மட்டும் போய்க் ககரம் நிற்கிறது, அது தட்டச்சருக்கு வசதி. "கி" என்று திருத்த ஒரே விசை போதும்.

வெண்ணாற்றங்கரை
பிப்ரவரி 14, மாலை 6.05

ஐயா சொன்னதற்கு டிகிண்டரில் வழி: பெட்டியில் உள்ள சொல்லைத் தாங்கும் ஒரு ஸ்ட்ரிங்வார் மாறியோடு பெட்டியை இணைத்து, அந்த மாறியின் மீது டிரேஸ் (மதிப்பு மாறினால் சொல்லும் வசதி) வையுங்கள். விசையில் வந்தாலும், மவுஸால் ஒட்டினாலும், உள்ளீட்டு மென்பொருள் மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரே இடத்தில் பிடிபடும்.

கன்ட்ரோல் எஸ் வேலை செய்யாததற்குக் காரணம், விசைப்பலகை அமைப்பே தமிழாக இருக்கும்போது அந்த விசையின் கீசிம் தமிழ் எழுத்தாக வருகிறது. எஸ் என்ற பெயரில் எதுவும் வருவதில்லை. கீகோட் பார்த்துப் பிடிக்கலாம். லினக்ஸில் அது 39, விண்டோஸில் 83. ஆனால் நான் எஃப் வரிசை விசைகளுக்கு மாற்றச் சொல்வேன். எந்த மொழி அமைப்பிலும் அவை மாறுவதில்லை.

மன்னார்குடி நிரலர்
பிப்ரவரி 16, இரவு 9.30

நேற்றும் இன்றும் புதிய நிரல் ஓடியது. சேமிப்பது எஃப்2. கடைசி மூட்டையை நீக்குவது எஃப்9, அக்காவே கேட்டு வாங்கியது. பெயர்த் தேடல் டிரேஸ் மூலம் நடக்கிறது, "செல்" என்றதும் செல்வராசுகளும் செல்வமணிகளும் வரிசையாக வருகிறார்கள். முதல் மூட்டைக்குப் பிறகு ரகப் பெட்டி பூட்டிக்கொள்கிறது.

இன்று மட்டும் 2 நொடிக்குள் வந்து விடப்பட்ட மறு என்டர்கள் நான்கு என்று கோப்பு சொல்கிறது. நான்கும் காலையில் வந்தவை. பிற்பகலில் ஒன்றும் இல்லை. ஓசைக்குக் கை பழகிவிட்டது என்று நினைக்கிறேன். தட்டச்சர் ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

பழைய சீட்டுகளையும் சரிபார்த்துவிட்டோம். 2 நொடி இடைவெளியில் அடுத்தடுத்து 40.000 என்று விழுந்த பதிவுகளைத் தனியே எடுத்து, கட்டிய துண்டுச் சீட்டுகளோடு ஒப்பிட்டு உரிமையாளரிடம் கொடுத்தேன். மூன்று மூட்டைக்கான விலை வித்தியாசத்தை அந்த விவசாயியிடம் இன்று காலை அவரே நேரில் கொடுத்துவிட்டார்.

மவுஸ் மட்டும் இன்னும் மாற்றவில்லை. நாளை மன்னார்குடிக் கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கிப் போகிறேன்.